கதையில் அதிகாரத்தை எழுதுவது எப்படி? என் சூப்பர்வைசர் பொம்மையாக நிற்கிறான்

இரண்டாம்வரைவு எழுதியது:

வணக்கம். நான் எழுத வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. மூன்று சிறுகதைகள் முடித்துவிட்டேன். நாலாவதில் மாட்டிக்கொண்டு ஐந்து மாதமாக அதையே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கதை நடப்பது ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். அங்கே நானே இரண்டு வருடம் நாலு மாதம் வேலை பார்த்தேன். வேலை இதுதான்: கையில் ஒரு ஸ்கேனர் இருக்கும். எந்த அலமாரி, எந்தப் பொருள் என்று அதுவே காட்டும். ஓடிப் போய் எடுத்து, ஸ்கேன் செய்து, பெட்டியில் போட வேண்டும். திரையின் மேல் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் வேகமாக இருந்தால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. கழிப்பறை கிடங்கின் அந்தக் கோடியில். போய்வர ஏழு நிமிடம். திரும்பி வரும்போது எண் சிவந்திருக்கும். சிவப்பு எத்தனை முறை என்று வார முடிவில் கணக்கு வரும்.

எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு அக்கா அதற்காகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் மதியம் மயங்கி விழுந்தார். அதுதான் என் கதை.

கதையில் ஒரு சூப்பர்வைசரை வைத்தேன். கத்துவான், பெட்டியை எட்டி உதைப்பான், எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுவான். படித்த நண்பன் சொன்னது: "பாவமாத்தான் இருக்கு. ஆனா இவங்க ரெண்டு பேரையும் எனக்கு ஏற்கெனவே தெரியும். அவன் நூறு படத்துல வந்தவன். அவ நூறு படத்துல அழுதவ." அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி.

உண்மையான சூப்பர்வைசர் கத்தினதே இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். "அக்கா, நம்பர் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பார், அவ்வளவுதான். அந்த அக்கா விழுந்தபோது தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தவரே அவர்தான். அதைக் கதையில் வைத்தால் படிக்கிறவனுக்குக் கோபம் வராதே என்று நான்தான் எடுத்துவிட்டேன்.

இப்போது என் குழப்பம்: அவனை நல்லவனாகக் காட்டினால், நடந்ததை நியாயப்படுத்துவது போல ஆகிவிடாதா? அந்த அக்காவை எப்படி எழுதினாலும் கஷ்டப்படுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவளாகவே வந்து நிற்கிறாள். அதற்கு என்ன செய்வது?

ஒரு பத்தி கீழே:

"சூப்பர்வைசர் உள்ளே நுழைந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. பெட்டி தூக்கும் பையன் பயந்து ஓடினான். அவள் நடுங்கினாள். 'என்ன நம்பர் இது?' என்று கர்ஜித்தார். அவளுக்குப் பதில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது."

---

வேகத்தடை எழுதியது:

கோபத்தை எடுத்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் எந்த வில்லனைப் பார்த்தாலும் சின்ன வயதில் அப்பா அடித்தார், அதனால் இப்படி ஆனான் என்று ஒரு பிளாஷ்பேக் வைத்துவிடுகிறார்கள். அடி வாங்குகிறவனுக்கு அந்த பிளாஷ்பேக் கிடையாது. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கொடுமையைக் கொடுமையாகக் காட்டிய எழுத்துதான் ஊரை அசைத்திருக்கிறது. அமெரிக்க அடிமை முறையைப் பற்றி ஹாரியட் பீச்சர் ஸ்டோ எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல் 1852இல் புத்தகமாக வந்தது. அமெரிக்காவில் முதல் வருடமே 3 லட்சம் பிரதி விற்றது. அதில் வரும் சைமன் லெக்ரீ என்ற கொடூரனின் பெயரே, வேலை வாங்கிக் கசக்குகிற முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகிவிட்டது. அவனை மெதுவாகப் பேசுகிறவனாக எழுதியிருந்தால் யார் அசைந்திருப்பார்கள்? உங்கள் சூப்பர்வைசர் உதைக்கட்டும், விடுங்கள்.

---

பழைய_கோப்பு எழுதியது:

தம்பி, உங்கள் பத்தியை இரண்டு முறை படித்தேன். கதைக்குப் போகும் முன் உங்கள் வினைமுற்றுகளை ஒருமுறை பாருங்கள். இந்தக் கேள்வியின் தலைப்பில் கோபத்தோடு "நிற்கிறான்" என்று எழுதுகிறீர்கள். கதைக்குள் போனதும் அவனே "நுழைந்தார்", "கர்ஜித்தார்" ஆகிவிடுகிறார். பையன் "ஓடினான்". நிஜத்தில் நீங்கள் அக்கா என்று கூப்பிட்ட பெண், வயதில் உங்களுக்கு மூத்தவர், கதையில் "நடுங்கினாள்". உங்கள் கதைசொல்லி அந்த ஆளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். நீங்கள் தெரிந்து செய்யவில்லை. தமிழில் எழுதுகிற எல்லோர் கையிலும் இது தானாக வரும். யாருக்கு "ர்", யாருக்கு "ன்" என்று நம் விரலுக்கே பழகிப்போயிருக்கிறது. அதிகாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

செய்தியிலும் இதே கதை. "இரு தரப்பினரிடையே மோதல்" என்று தலைப்பு வரும். உள்ளே போய்ப் படித்தால் ஒரு தரப்பு தடியோடு போயிருக்கும், இன்னொரு தரப்பு வீட்டுக்குள் இருந்திருக்கும். மோதல் என்று ஒரு சொல் போட்டதுமே இருவரும் சமமாகிவிட்டார்கள். "சம்பவம் நடந்தது" என்பது அதற்கும் மேல். மழை பெய்வது போல அது தானே நடந்துவிட்டது.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு கவனிக்கிறேன் என்றால், முப்பத்தொரு வருடம் ஒரு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் இருந்தேன். "மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது" என்று எத்தனை ஆயிரம் முறை டைப் அடித்திருப்பேனோ தெரியாது. யார் பரிசீலித்தார், யார் நிராகரித்தார் என்று அந்த வரியில் இருக்காது. "படு" என்கிற துணைவினைக்குள் ஒரு அலுவலகமே ஒளிந்துகொள்ளலாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வேலை செய்த இடத்தில் மனைவி இறந்துபோய், அதற்கு வர வேண்டிய பணத்துக்காக வந்தவர். தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் நாலாக மடித்து வைத்திருப்பார். என் மேசை ஓரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பைச் சமப்படுத்துவார். பக்கத்தில் நாற்காலி இருக்கும், உட்கார மாட்டார். ஒரு தாளில் ஒரு கையெழுத்து இல்லை. போட வேண்டிய அதிகாரி விடுப்பில் போனார், அப்படியே மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் "இது என் காலத்து விஷயம் இல்லையே" என்றார். நான் "அடுத்த வாரம் வாங்க" என்றேன். ஆறு முறை சொன்னேன். ஒருமுறை கூடக் குரலை உயர்த்தவில்லை. ஒருமுறை கூட "உட்காருங்க" என்றும் சொல்லவில்லை. ஏழாவது வாரம் அவர் வரவில்லை. சில மாதம் கழித்து அந்தக் கோப்பில் ஒரு வரி டைப் அடித்தேன்: "மனுதாரர் தொடர்ந்து அணுகாததால் கோப்பு முடிக்கப்படுகிறது."

அந்த வரியை ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். முடித்தது யார் என்று இல்லை. அதில் ஆள் பெயரோடு நிற்கிற வினை ஒன்றே ஒன்றுதான், "அணுகாதது". அது அவருடையது. அந்த அலுவலகத்தில் ஆறு மேசை அவருக்குச் செய்தது எதற்கும் ஒரு வினைச்சொல் கிடையாது.

எங்களில் யாரும் கத்தவில்லை தம்பி. யாராவது எங்களை வைத்துக் கதை எழுதி, நான் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன் என்று எழுதியிருந்தால், படித்துவிட்டு "நான் அப்படி இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பொம்மை வில்லனால் வருகிற பெரிய நஷ்டம் இதுதான். அப்படிச் செய்துகொண்டிருக்கிற யாருக்குமே அந்தக் கதை தன்னைப் பற்றியது என்று தோன்றாது.

வேகத்தடை சொன்ன நாவலையே எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சாட்டையோடு வருகிற லெக்ரீ நினைவில் இருக்கிறான். ஆனால் கதை தொடங்குவது அவனிடம் இல்லை. நன்றாக அலங்கரித்த ஒரு அறையில் இரண்டு கனவான்கள் மது அருந்திக்கொண்டு பேசுகிறார்கள். அதில் ஒருவர் ஷெல்பி. கதையின் நாயகனான டாம் என்ற அடிமையை மதிக்கிறவர், நல்ல எஜமானர் என்று பெயர் எடுத்தவர். அவருக்குக் கடன். டாமை விற்கிறார். அடுத்து வருகிற செயின்ட் கிளேர் இன்னும் நல்லவர். விடுதலைப் பத்திரம் தருவதாகச் சொல்கிறார், கையெழுத்துப் போடுவதற்குள் இறந்துபோகிறார். லெக்ரீயின் சாட்டைக்கு முன்னால் இரண்டு நல்லவர்களைத் தாண்டித்தான் டாம் வருகிறான். ஒருவர் போட்ட கையெழுத்து, இன்னொருவர் போடாத கையெழுத்து. எனக்கு அந்த நாவலில் இன்றைக்கும் உடம்பு சில்லிடுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

அந்த நாவலின் மறுபக்கமும் இருக்கிறது. பொறுத்துப் பொறுத்தே சாகிற டாமின் பெயர், பின்னாளில் கறுப்பின மக்களிடையே அடிபணிந்து போகிறவனைத் திட்டுகிற சொல்லாக மாறியது. 1949இல் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பின எழுத்தாளர் இந்த நாவலைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் இரண்டாவது குழப்பம் அதுதான். கஷ்டப்படுவது மட்டுமே ஒருவரின் வேலை என்று எழுதினால், படிப்பவர் இரக்கப்படுவார், ஆனால் அந்த ஆளை மதிக்க மாட்டார்.

நம் மொழியிலும் ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நிலக்கிழார்களின் ஆட்கள் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். (செய்வினையில் எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.) கூலி உயர்வாக அரைப்படி நெல் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும்தான் காரணம். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனலுக்கு 1977இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதில் வரும் பண்ணையாரின் கொடூரத்துக்கு அவரது ஆண்மைக்குறைவை ஒரு வேராகக் காட்டியிருப்பார். கூலியைப் பற்றிய, நிலத்தைப் பற்றிய ஒரு கொலையை ஒரு மனிதனின் உடம்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். நாவலில் நல்ல இடங்கள் நிறைய இருக்கின்றன, ஆனாலும் அந்த எதிர்ப்பு நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பண்ணையாருக்கு அந்தக் குறை இல்லாமல் இருந்திருந்தால் அரைப்படி நெல்லைக் கொடுத்திருப்பாரா?

அதே வழக்கில் 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. கொளுத்துகிறவன் எப்படி இருப்பான், கனவான் எப்படி இருப்பான் என்று நீதிபதிகளுக்கும் மனதில் ஒரு சித்திரம் இருந்திருக்கிறது. அந்தச் சித்திரங்கள் எங்கிருந்து வந்தன? கொஞ்சம் கதைகளிலிருந்தும்தானே.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். அந்தத் தண்ணீரை ஏன் எடுத்தீர்கள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திய பெண்ணுக்கு, எண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆளே தண்ணீர் கொடுக்கிறார். கொடுக்கும்போது அவர் நிஜமாகவே பதறியிருப்பார். அதை அப்படியே வையுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: அந்த எண்ணை யார் வைத்தது? சூப்பர்வைசருக்கும் ஒரு எண் இருந்ததா?

---

இரண்டாம்வரைவு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த "ர்", "ன்" விஷயம் என் கண்ணில் படவே இல்லை. பழைய மூன்று கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அப்படித்தான்.

ஆமாம், அவருக்கும் எண் இருந்தது. அவர் மேசையில் ஒரு திரை. எங்கள் நாற்பது பேரின் சராசரி அதில் ஓடும். அவருடையது சிவந்தால் மேலே இருந்து போன் வரும். மேலே யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்குமே தெரியுமா என்பது சந்தேகம்தான். வேறு ஊரில் இருக்கிற ஒரு அலுவலகம், அவ்வளவுதான்.

இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த அக்கா பேக்கிங் சீட்டுகளின் பின்பக்கத்தில் தினமும் ஏதோ எழுதுவார். நான் வீட்டுக் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் காட்டினார். எத்தனை மணிக்கு எண் எவ்வளவு இருந்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்களுக்குச் சொல்லாமலே வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் பிறகு நமக்குத்தான் மந்தமாகிவிடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். இதை நான் கதையில் சேர்க்கவே இல்லை. மயங்கி விழுந்தது மட்டும்தான் கதை என்று நினைத்துவிட்டேன்.

---

மூன்றாம்_வரிசை எழுதியது:

நான் சினிமாப் பைத்தியம், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"கெட்டது ஒரு ஆள், அமைப்பு நல்லது" என்பது கதாசிரியர்களின் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹாலிவுட்டில் அதை விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1930இல் வந்த தயாரிப்பு விதிகளை, ஹேஸ் கோட் என்பார்கள், 1934 முதல் கறாராக அமல்படுத்தினார்கள். 1968இல்தான் அது போனது. அதில் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. நாட்டின் நீதிமன்றங்களை அநியாயமானவையாகக் காட்டக் கூடாது. ஒரு நீதிமன்றத்தை அப்படிக் காட்டலாம், ஒரு அதிகாரியை அப்படிக் காட்டலாம். ஆனால் நாட்டின் நீதி அமைப்புக்கு அதனால் பங்கம் வரக் கூடாது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதல் உறவைக் காட்டவும் அதே விதிகளில் தடை. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கப் போன படங்கள் இந்த அச்சில் வார்த்தவை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து நாம் வளர்ந்தோம். கடைசி ரீலில் ஒரு நல்ல அதிகாரி வந்து ஒரு கெட்ட அதிகாரியைக் கைது செய்ததும் நாம் திருப்தியாக எழுந்து வருகிறோமே, அந்தத் திருப்தியின் வயது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

படத்தில் யாரை மனிதராகக் காட்டுகிறார்கள் என்பது திரையோடு நிற்பதும் இல்லை. 1915இல் வந்த தி பர்த் ஆஃப் எ நேஷன் என்ற படம், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்களை வீரர்களாகக் காட்டியது. செத்துக் கிடந்த அந்த அமைப்பை அதே வருடம் நவம்பரில் ஜார்ஜியாவில் ஒரு மலை உச்சியில் மறுபடியும் தொடங்கினார்கள். கான் வித் த விண்ட் படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்கு 1940இல் ஆஸ்கர் கிடைத்தது. கறுப்பினத்தவர் ஒருவர் ஆஸ்கர் வாங்கியது அதுவே முதல் முறை. விருது கொடுத்த அரங்கில் அவரைத் தன் படத்தின் மற்ற நடிகர்களோடு உட்கார வைக்கவில்லை. சுவரோரம் தனி மேசை போட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லாத நாற்காலியைப் பற்றி மேலே அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அமைப்பையே வில்லனாக வைத்து மக்களைக் கோபப்படுத்த முடியாது என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் பிரிட்டனில் ஐடிவி ஒரு நாலு பாகத் தொடர் போட்டது. 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு வந்தது. அது தப்பாகப் பணக்குறைவு காட்டியது. அதை நம்பி அஞ்சலகம் நடத்தியவர்கள் மேலேயே திருட்டு வழக்கு. 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். (செயப்பாட்டு வினை என் கையிலும் வந்துவிட்டது. நீதிமன்றங்கள் தண்டித்தன. பெரும்பாலான வழக்குகளைப் போட்டது அஞ்சல் நிறுவனமே.) சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் உயிரை விட்டார்கள்.

தொடரில் ஒரு காட்சி. ஒரு பெண் உதவி எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொல்லச் சொல்லப் பொத்தானை அழுத்துகிறார். திரையில் பணக்குறைவு அவர் கண் முன்னாலேயே இரண்டு மடங்காகிறது. நிஜத்தில் நடந்ததுதான் அது. போனின் அந்தப் பக்கம் இருக்கிறவர் கத்துவதே இல்லை. உதவி கேட்டுப் பேசியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: உங்களைத் தவிர வேறு யாரும் இப்படிப் புகார் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்களிடம் தனித்தனியாக அதையே சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைகள் 2009 முதல் எழுதிக்கொண்டிருந்த விஷயம்தான். தொடர் வந்த பிறகு அதே வருடம் மே மாதம் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

உங்கள் அக்காவின் சீட்டுகள் அந்தத் தொடருக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை. தனக்கு மட்டும்தான் மந்தமாகிறது என்று நாற்பது பேரும் தனித்தனியாக நம்பியதுதான் அந்தக் கிடங்கின் பலம். அதை உடைத்தது அவர்.

---

வேகத்தடை எழுதியது:

சீட்டு விஷயத்தைப் படித்த பிறகு என் யோசனையை மாற்றிக்கொள்கிறேன். உதைக்கிற காட்சி வேண்டாம். ஆனால் ஒன்றில் பின்வாங்க மாட்டேன். "அவரும் பாவம், அவருக்கும் மேலே ஒருவர்" என்று ஏணி ஏறிக்கொண்டே போனால் கடைசியில் யார் மேலும் பொறுப்பு இருக்காது. எல்லோரும் பாவம் என்று முடிகிற கதையை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று, படிக்கிறவர் எதை எடுத்துக்கொண்டு போவார் என்பது நம் கையில் இல்லை. அப்டன் சின்க்ளேர் 1906இல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி நாவல் எழுதினார், தொழிலாளிகளின் கஷ்டம் தெரியட்டும் என்று. படித்தவர்கள் தாங்கள் சாப்பிடுகிற இறைச்சி அசுத்தம் என்றுதான் பதறினார்கள். அந்த வருடமே இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு ஒன்றும் வரவில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே சொன்னார். உங்கள் கதையைப் படித்துவிட்டு "ஐயோ, என் பார்சல் லேட்டாகுமோ" என்று யாரும் நினைத்துவிடாதபடி எழுதுங்கள்.

---

பழைய_கோப்பு எழுதியது:

வேகத்தடை சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன். என் கதையை நான் சொன்னது மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை. நான் எழுந்து போய் அந்தப் புது அதிகாரி முன்னால் அந்தத் தாளை வைத்து, "இதில் போடாமல் நான் போக மாட்டேன்" என்று நின்றிருக்கலாம். அதிகம் போனால் என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார்கள். அவ்வளவு சின்ன விலை. அதைக் கூட நான் கொடுக்கவில்லை. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் அப்படி ஒரு விலை இருக்கும். உங்கள் சூப்பர்வைசருக்கு அந்த விலை என்ன, அவர் ஏன் அதைக் கொடுக்கவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் அவர் பொம்மையாக இருக்க மாட்டார், தப்பித்தும் போக மாட்டார். தண்ணீர் கொடுக்கிற கைதானே மறுநாள் சிவப்புக் கணக்கையும் எழுதுகிறது. இரண்டையும் ஒரே கதையில் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் ஏன் உங்களிடம் சீட்டைக் காட்டினார்? நாற்பது பேரில் உங்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள்? கதைசொல்லி ஓரமாக நின்று பார்க்கிறவனாகவே இருக்கிறான். அவனையும் கொண்டுவாருங்கள்.

---

இரண்டாம்வரைவு எழுதியது:

அம்மா, நான் எதுவும் செய்யவில்லை. பார்த்துவிட்டு "அப்படியா அக்கா" என்றேன். அப்போது என் ஸ்கேனர் சிவந்துகொண்டிருந்தது, ஓடிவிட்டேன். அடுத்த வாரம் அவர் விழுந்தார். அதை எழுதத்தான் இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

நேற்று இரவு உட்கார்ந்தேன். முழுக்க வரவில்லை, ஒரு பத்திதான் வந்திருக்கிறது. போடுகிறேன்:

"அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் தன் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினான். கை நடுங்கியது. 'குடிங்கக்கா, மெதுவா' என்றான். அக்கா பாட்டிலை வாங்கவில்லை. மடியில் கிடந்த ஸ்கேனரைத் திருப்பி அவனுக்குக் காட்டினார். எண் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. 'இத நிறுத்துங்க, குடிக்கிறேன்' என்றார். அவன் ஸ்கேனரைப் பார்த்தான். அதை நிறுத்துகிற சாவி அவன் கழுத்து அட்டையோடு தொங்கியது. அவன் தன் மேசைத் திரையின் பக்கம் திரும்பிப் பார்த்தான். நாங்கள் நாற்பது பேரும் அவன் கையைப் பார்த்தோம். என் பையில் அக்கா கொடுத்த சீட்டு இருந்தது. என் ஸ்கேனரும் சிவந்திருந்தது. நான் அதைக் கீழே வைத்தேன்."

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரி நடக்கவில்லை. அன்று நான் கீழே வைக்கவில்லை. அதை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று சொல்லுங்கள்.

---

பழைய_கோப்பு எழுதியது:

எடுத்துவிடுங்கள் தம்பி. சீட்டு பையில் இருக்கட்டும், ஸ்கேனர் கையிலேயே இருக்கட்டும். சூப்பர்வைசருக்கு "ன்" போட்டுவிட்டீர்கள், அக்காவுக்கு "ர்" வந்துவிட்டது, அது போதும். சாவி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன். மீதியையும் இங்கேயே போடுங்கள்.